முதுகுப் பக்கம் லாக்

"ஒரு கையாலயே கழட்டிரலாம்க்கா, ஒரே கிளிக்குதான்." பர்வீன் மறுபடி மறுபடி செஞ்சு காட்டுறா. இடது கையை இடுப்புல வச்சுக்கிட்டு வலது கைக் கட்டைவிரலால அந்தக் கறுப்பு லாக்கை ஒரு அமுக்கு. டக். பட்டை அவுந்து தொங்குது, பை வாயைப் பொளந்துருது, அதுக்குள்ள மாதிரிக்கு உக்கார வச்சிருந்த துணிப்பொம்மை மேஜையில குப்புற விழுந்து உருண்டு பவுடர் டப்பாவுல முட்டி நிக்குது. அவளுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரல. நல்ல பிள்ளைதான், கடைக்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் போல, பொருளைக் காட்டுறதுல அவ்வளவு ஆசை, இந்த ஒரு கிளிக்குக்காகவே எல்லா அம்மாவும் இதைத்தான் எடுத்துட்டுப் போறாங்களாம். எடுக்கட்டும். நல்லா இருக்கட்டும். எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது கழட்ட முடியாத பேபி கேரியர். இன்னும் சரியாச் சொன்னா, என்னால கழட்ட முடியாதது. வேற ஆள் வந்து அவுத்து விட்டாத்தான் அவுரணும், நான் தலைகீழா நின்னாலும் அவுரக் கூடாது. இதை எப்படி ஒரு கடைப்பிள்ளைகிட்ட வாய்விட்டுக் கேக்குறது? லூசுன்னு நினைப்பா. நினைச்சா நினைச்சுட்டுப் போறா, அதுக்காக வெறுங்கையோட திரும்பவா வெள்ளனவே கிளம்பிக் கம்பத்துக்கு வந்தேன்? இன்னைக்கு ஒண்ணு எடுக்காம இந்தக் கடைப் படி இறங்கக் கூடாது மீனா. ஆமா, உனக்குத்தான் சொல்றேன்.

ஆதினி மடியில தூங்குறா. அஞ்சு மாசம். ஸ்டூல்ல உக்காந்து ரெண்டு முழங்காலையும் சேர்த்து வச்சு நடுவுல போட்டிருக்கேன். உக்காந்திருந்தா பயம் இல்ல, விழுந்தாலும் மடிதான். அவங்க அப்பா கொண்டாந்து மடியில விட்டுட்டு வாசல்ல நின்னு போன் பேசுறாரு. பிரபு மாமாவுக்கு, அதான் என் வீட்டுக்காரருக்கு, வாழைக்காய் மண்டியில வேலை, அந்தப் போன் ஒரு நிமிசம் சும்மா இருந்தா மண்டியையே மூடிட்டாங்கன்னு அர்த்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டி ஆட்டி எந்த லாரிக்காரரையோ வறுத்து எடுக்குறாரு, இந்தப் பக்கம் சத்தமே வரல, வாய் மட்டும் அசையுது. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம், பொண்டாட்டி மறுபடி நடக்கணும்ங்குறா, பிள்ளையையும் தூக்கிட்டு நடக்கணும்ங்குறா, அதுக்கு ஒரு பெல்ட்டு வேணும்ங்குறா, அவ்வளவுதான். அதுவும் பொய் இல்ல. நான் நடக்கிறவ. பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர், அதுக்கு முன்னால நடைப்போட்டிக்காரி. ஓட்டம் இல்ல, நடை. முட்டி மடங்குனாலே நடுவர் அட்டையை நீட்டிருவாரு. இடுப்பை ஆட்டிக்கிட்டு என்னடி நடைன்னு எங்க ஊரே சிரிச்சுது, மெடலோட வந்து இறங்குன அன்னைக்கும் சிரிச்சுது, போங்கடான்னு நடந்தேன். கல்யாணம் பண்ணி வந்த ஊர்லயும் விடியிறதுக்குள்ள கிளம்பிருவேன். வீட்டுக்குப் பின்னால கால்வாய்க் கரை, கரையோட போனா பாலம், பாலம் தாண்டுனா திராட்சைப் பந்தல், அது முடிஞ்சா தென்னந்தோப்பு, அப்புறம் மலையடிவாரம் வரைக்கும் செம்மண் பாதை, ஒரு ஈ காக்கா கிடையாது. இந்தப் பிள்ளை எதைத் தொலைச்சுட்டு இப்படித் தேடிக்கிட்டுத் திரியுதுன்னு தோப்புக்காரங்க அத்தைகிட்டக் கேட்டாங்களாம். எதையும் தொலைக்கல. அங்க என் மூச்சுச் சத்தம் எனக்கே கேக்கும், அது போதும். அதை இவளுக்குக் காட்டணும். மாமா துணைக்கு வரக் கூடாது, அத்தை பின்னாலயே வரக் கூடாது. நானும் இவளும் மட்டும். பெத்தவளுக்கு அதுகூட முடியாமப் போயிருமா என்ன?

பாலம்தான். அதுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, டிராக்டர் இடிச்சு விழுந்தது விழுந்ததுதான், யாரும் எடுத்துக் கட்டல. பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் கும்பிட்டதும் முதல் தடவையா வெளிய கிளம்புனோம், அத்தையும் நானும், பிள்ளை என் கையில. கால்வாய்ல தண்ணி நிறையப் போகுது, பழுப்புத் தண்ணி, சுழிச்சுக்கிட்டுப் போகுது. நடுப் பாலத்துல வச்சு என் கை விரியுது. இல்ல, விரியல. விரியிற மாதிரி ஒரு படம். பட்டப்பகல்ல கண்ணு முன்னாடி என் ரெண்டு கையும் தானா விரியுது, துணி மூட்டையாட்டம் பிள்ளை கீழ போகுது, தண்ணி வாங்கிக்கிருது, சத்தம்கூட இல்ல. பிள்ளை என் நெஞ்சோட ஒட்டிக்கிட்டுதான் இருந்தா, நான் இறுக்குன இறுக்குல வீல்னு அழுதா. அப்படியே பாலத்துல உக்காந்துட்டேன். அத்தை பதறிப் போய்ப் பிள்ளையை வாங்கிட்டாங்க. அன்னையில இருந்து அந்தப் படம் என்னை விடல. மாடிப்படியில வரும். கிணத்தடியில வரும். தாளிக்கிறப்ப அடுப்புப் பக்கம் பிள்ளை அழுற சத்தம் கேட்டா வரும். நானா நினைக்கிறது இல்ல, அதுவா வருது. ஆனா வர்றது என் தலைக்குள்ளதான? என் தலைக்குள்ள வர்றதை நான் நினைக்காம வேற யாரு நினைப்பா? இங்கதான் சிக்கிக்கிருவேன். பெத்தவளுக்கு இப்படி ஒரு நினைப்பு வரலாமா, பிள்ளை வேண்டாம்ங்குறவளுக்குத்தான வரும், எனக்கு இவ வேண்டாமா, அய்யோ, உசுரே இவதானே, அப்ப ஏன் வருது, பெத்தவளுக்கு இப்படி வரலாமா. சுத்திச் சுத்தி அதே இடம். அத்தை ஒரு பக்கம், பச்சை உடம்புக்காரி பாலத்துல வச்சுப் பயந்துட்டா, காத்துக் கருப்பு எதுவும் அடிச்சிருக்கும்னு பூசாரிகிட்டக் கூட்டிட்டுப் போய் முகத்துல தண்ணி அடிச்சு, துன்னூறு போட்டு, கையில கறுப்புக் கயிறு கட்டி விட்டாங்க. கட்டிக்கிட்டேன். காத்துக் கருப்பாவே இருந்து தொலைக்கட்டும்னு ஆசைப்பட்டேன், வெளிய இருந்து வந்ததுன்னா விரட்டிரலாமே. கயிறு நைஞ்சு போச்சு, படம் போகல. அத்தை என்னமோ கயிறு வேலை செஞ்சுருச்சுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்க, நானும் ஆமா அத்தைன்னு தலையாட்டிட்டேன். பாலம் வந்தா மணிக்கட்டு வலிக்குதுன்னு பிள்ளையை மாமாகிட்டக் குடுத்துருவேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா பிள்ளையை வாங்கிருவாங்க. அதுதான் என் பயமே, வேற ஒண்ணும் இல்ல. சொன்ன மறு நிமிசமே "குடு இங்க"ன்னு வாங்கிருவாங்க, அப்புறம் ஜென்மத்துக்கும் இவளோட என்னைத் தனியா விடமாட்டாங்க.

"இது பாருங்கக்கா, துணிதான், தோள்ல போட்டு வளையத்துல சொருகி இழுத்துக்கிறது, காத்தோட்டமா இருக்கும்." பர்வீன் விரிச்சுப் பிடிக்கிறா, மாம்பழக் கலர்ல நல்ல துணி. இது மாதிரி ஒண்ணை முன்னமே அத்தைகிட்டப் போன்ல காட்டுனப்பவே ஆரம்பிச்சுட்டாங்க, குறத்தி மாதிரி மாரோட பிள்ளையைக் கட்டிக்கிட்டுத் திரியப் போறியா, டீச்சர்னு பேரு, நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க. எனக்குச் சுள்ளுனு வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல பாசிமாலை விக்கிற அக்கா ரெண்டு கையிலயும் மாலையைத் தொங்க விட்டுக்கிட்டு பஸ்ஸுக்குப் பஸ் ஏறி இறங்குறாங்க, நெஞ்சுல கட்டுன பிள்ளை அது பாட்டுக்குத் தூங்குது, அதுல ஒரு பிள்ளை கீழ விழுந்து நான் பாத்ததில்ல அத்தை, உங்க நாலு பேரு தூக்கி வளத்த பிள்ளைக எத்தனை விழுந்துச்சுன்னு கணக்கு எடுப்போமான்னு கேட்டுட்டேன். அத்தை அன்னைக்கு முழுக்க என்கூடப் பேசல. ஆனா துணி வேண்டாம், அத்தைக்காக இல்ல. அந்த வளையத்தை லேசா ஒரு தூக்குத் தூக்குனாப் போதும், இளகிருது. பர்வீனே இப்ப செஞ்சு காட்டுறா. அடுத்தது கம்பிச் சட்டம் போட்டு முதுகுல மாட்டுறது, மலை ஏறுறவங்களுக்காம், பிள்ளை பின்னால ராணி மாதிரி உக்காந்துக்கிட்டு வேடிக்கை பாத்துட்டு வரலாமாம். அதுக்கு இவ இன்னும் நல்லா உக்காரப் பழகணும். அதோட முதுகுல இருந்தா முகம் தெரியாது. கையையும் நம்பாம முகத்தையும் பாக்காம ரெண்டு மணி நேரம் எப்படி நடக்குறது? பர்வீனுக்கு மூச்சு வாங்குது, இருக்குறதை எல்லாம் இறக்கிட்டா பாவம். கேட்டுருடி. கேட்டுட்டேன். "முதுகுப் பக்கம் லாக் வர்ற மாதிரி எதுவும் இருக்கா பாப்பா?"

"அதை யாருமே எடுக்க மாட்டாங்கக்கா. தனியா மாட்ட முடியாது, தனியாக் கழட்டவும் முடியாது. ரெண்டு லாக்கும் நட்டநடு முதுகுல வந்துரும், கை எட்டாது. நீங்க தனியா நடக்கத்தான கேட்டீங்க?" நீ எடும்மா, எடு, பை வாய் திறக்காம இருந்தாப் போதும். அடியில இருந்து தூசி தட்டி எடுத்துட்டு வந்தா, சாம்பல் கலர், ஒரு பக்கம் வெயில் பட்டு வெளுத்துக் கிடக்கு. எந்திரிச்சு நின்னேன். நின்னதுமே படம் வந்துச்சு, கீழ பளபளன்னு டைல்ஸ் தரை. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். பர்வீன் பிள்ளையை உள்ள உக்கார வச்சா, தவளைக் குட்டி மாதிரி ரெண்டு காலும் என் இடுப்புக்கு ரெண்டு பக்கமும், முகம் என் நெஞ்சுல. பின்னால போய் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, டக் டக். தூக்கத்துலயே உதட்டைச் சப்புக் கொட்டிட்டு மறுபடி தூங்கிட்டா. நான் ரெண்டு கையையும் எடுத்தேன். எடுத்துத் தொங்க விட்டேன். அஞ்சு மாசத்துல முதல் தடவையா, நின்னுக்கிட்டு, பிள்ளை என் மேல இருக்க, என் கை சும்மா இருக்கு. விரியட்டுமே இப்ப, என்னத்த வேணும்னாலும் விரியட்டும். தொட்டில் வரிசைக்கும் சைக்கிள் வரிசைக்கும் நடுவுல நடந்தேன், போனேன், வந்தேன், இடுப்பு அதுபாட்டுக்குப் பழைய நடையைப் பிடிக்குது, அழுகை வருது எனக்கு, சந்தோசத்துல. இதுதான். வீட்டுல அத்தை மாட்டி விடுவாங்க, திரும்பி வந்தா அத்தை அவுத்து விடுவாங்க, நடுவுல பாலமாவது பள்ளமாவது. "இதையே எடுத்துக்கிறேன்"னு சொன்னதும் பர்வீன் என்னை ஒரு மாதிரி பாத்தா, இது வெளுத்திருக்குக்கா, மேல குடோன்ல புதுசு இருக்கும், எடுத்துட்டு வர்றேன், கழட்டணும்னா சொல்லுங்கன்னா. வேண்டாம், இருக்கட்டும், நீ போ, நான் இன்னும் கொஞ்சம் நடக்குறேன். அவ படியேறிப் போயிட்டா. கடையில வேற ஆள் இல்ல.

நடக்குறப்பதான் புத்தி வேலை செய்யும் எனக்கு. மலையடிவாரம் போயிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆகும். இவ அவ்வளவு நேரம் பசி தாங்க மாட்டா. நடுவுல பால் குடுக்கணும். பால் குடுக்கணும்னா அவுக்கணும். யாரு அவுப்பா? திராட்சைத் தோட்டத்துல மருந்தடிக்கிற அண்ணனைக் கூப்பிட்டு, அண்ணே, கொஞ்சம் என் முதுகை அவுத்து விடுங்கன்னு சொல்றதா? நல்லா இருக்கும் டீச்சர் பொழப்பு. அப்ப அரை மணி நேரத்துல திரும்பிரலாம். அரை மணி நேரத்துல பந்தலைக்கூடத் தாண்ட முடியாது. சரி, வயிறு முட்டக் குடுத்துட்டுக் கிளம்பலாம். கக்கிட்டான்னா? தொண்டையில எதுவும் சிக்கிக்கிட்டா? பாம்பு கீம்பு வந்து நான் இவளைத் தூக்கி மேல பிடிக்கணும்னா? சும்மா இரு, எதையாவது நினைச்சுக் கெடுத்துக்காத, எடுத்தாச்சு, முடிஞ்சுருச்சு. அப்பத்தான் இவ முழிச்சா. முதல்ல முனகல், அப்புறம் மூக்கால என் நெஞ்சை முட்டித் தேடுறா, சட்டைத் துணியைக் கவ்வுறா, கிடைக்கலன்னதும் ஒரே கத்தல். சத்தம் காதுல விழுந்த உடனே எனக்குப் பால் சுரந்துருச்சு, நெஞ்சு ரெண்டும் கல்லாட்டம் இறுகி, சூடா இறங்கி, குர்த்தி நனைஞ்சு, இவ முகம் அந்த ஈரத்துலயே கிடக்கு, ஆனா வாய்க்கு வரல. "பர்வீன்!" பதில் இல்ல. குடோன்ல எந்த மூலையில இருக்காளோ. கண்ணாடியைத் தட்டுறேன், மாமா முதுகைக் காட்டிக்கிட்டு ரோட்டைப் பாத்துப் பேசுறாரு, லாரி ஒண்ணு ஆரனை அமுக்கிக்கிட்டே போகுது. கையை முதுகுக்குக் கொண்டு போறேன், மேல இருந்து எட்டல, கீழ இருந்து எட்டல, விரல் நுனியில லாக்கோட ஓரம் படுது, அமுக்க முடியல. இவளுக்கு அழுது அழுது மூஞ்சி சிவந்து மூச்சு இழுக்குது. பசிக்கிற பிள்ளை, பால் ஒழுகுற அம்மா, நடுவுல ஒரு முழத் துணி. இதையா கேட்டு வாங்கப் போனேன்? கோவம் வந்துச்சு பாருங்க, பை மேல இல்ல, என் மேலயே, அப்படி ஒரு கோவம்.

கை எட்டலன்னா உடம்பை மாத்தணும், இதைத்தான எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு வருசம் பூரா கத்துறேன். தோள் பட்டையோட நுனியை இழுத்து இளக்குனேன். இடது கையை அவ பிட்டத்துக்கு அடியில குடுத்தேன். வலது தோளைக் குறுக்கி, முழங்கையை மடக்கி, பட்டைக்குள்ள இருந்து கையை உருவுனேன், தோல் வழண்டு எரியுது, வந்துருச்சு. பை ஒரு பக்கமாச் சரிஞ்சுருச்சு. இப்ப இவ மொத்தப் பாரமும் என் இடது கையில. அந்த நேரம் பாத்துப் படம் வந்துச்சு. வராம இருக்குமா? கை விரியுது, பிள்ளை போறா, டைல்ஸ் தரை, எல்லாம் அச்சு அசலா ஓடுது. ஓடிக்கிட்டே இருக்கு. நான் கையைப் பாக்குறேன். கை பிடிச்சுக்கிட்டு இருக்கு. படத்துல விரியுது, இங்க பிடிச்சிருக்கு. விரல் அஞ்சும் அவ தொடையில அமுங்கி, அந்த இடம் வெளுத்துப் போயிருக்கு. வலது கை என்னைக் கேக்காமலே அவ பிடரிக்குப் போயிருச்சு. யாரு சொன்னா அதுகிட்ட? நான் சொல்லல, எனக்கு அப்ப எதையும் சொல்லத் தோணல. அப்படியே முட்டி போட்டு, தரையில உக்காந்து, மேல் வழியா அவளை உருவி எடுத்து மாரோட வச்சேன். கவ்வுனா. சத்தம் நின்னுச்சு. ஃபேன் சுத்துற சத்தம் கேக்குது இப்ப. பை என் முதுகுல பாதி தொங்குது, ரெண்டு லாக்கும் பூட்டுனபடியே இருக்கு. படமும் இன்னும் போகல, ஓரத்துல நிக்குது. நின்னா நிக்கட்டும். நாலு மாசமா அது வந்துக்கிட்டுத்தான் இருக்கு, நாலு மாசமா இந்தக் கை பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு, நான் படத்தை மட்டுமே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

கதவு திறந்துச்சு. மாமா உள்ள வந்து, பொண்டாட்டி தரையில காலை நீட்டி உக்காந்து துப்பட்டாவைப் போத்திப் பால் குடுக்குற கோலத்தைப் பாத்ததும் போனை அப்படியே சட்டைப் பையில போட்டுட்டாரு. "என்னாச்சு மீனா? விழுந்துட்டியா?" விழல. இவரு பக்கத்துல குத்த வச்சு உக்காந்தாரு, முகம் பயந்து போயிருக்கு, இன்னும் ஒண்ணுமே சொல்லல, அதுக்குள்ளயே இப்படி. நாளைக்குச் சொல்லிக்கலாம். வீட்டுல வச்சுச் சொல்லிக்கலாம். இல்ல, இன்னைக்கே, இந்தத் தரையிலயே. "மாமா, எனக்கு மணிக்கட்டு வலியெல்லாம் இல்ல. பாலத்துல வச்சுப் பிள்ளையைக் கை விட்டுருவேனோன்னு எனக்கு நினைப்பு வருது. எல்லா இடத்துலயும் வருது. தினமும் வருது." சொல்லிட்டேன். என் குரல் எனக்கே யாரோ பேசுற மாதிரி இருக்கு. அவரு ரெண்டு கையையும் நீட்டுனாரு, பிள்ளையை வாங்க. அவருக்கே தெரியாம நீண்டுருச்சு போல, பாவம். நான் எதுக்குப் பயந்தேனோ அதே கை, என் பிள்ளைக்கு ஒரு சாண் தள்ளி நிக்குது. நான் குடுக்கல. "குடிச்சுக்கிட்டு இருக்கா மாமா. பயப்படாதீங்க, இப்பவும் அந்த நினைப்பு வந்துக்கிட்டுத்தான் இருக்கு. என் கையைப் பாருங்க." பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் நீட்டுன கையை மடக்கித் தன் முழங்கால் மேலயே வச்சுக்கிட்டாரு. "இவ்வளவு நாள் எப்படிடி தனியா வச்சிருந்த?"ன்னு கேட்டாரு. நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம், நானே வாயைத் திறந்து சொல்லுவேன், நீங்க கூட வந்து உக்காந்தாப் போதும், அத்தைக்கு அப்புறமா நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்னேன். சரின்னாரு.

பர்வீன் படியில இறங்கி வந்து புது சாம்பல் கலர் டப்பாவோட திகைச்சுப் போய் நிக்குறா. பாவம், அவளைத்தான் படாத பாடு படுத்திட்டேன். இது வேண்டாம் பாப்பா, முதல்ல காட்டுனதை எடுத்துட்டு வான்னேன். என் முதுகுல தொங்குனதைக் கழட்டிட்டு, சந்தோசமா ஓடிப் போய் எடுத்துட்டு வந்து அவரு கையில குடுத்தா. மாமா அந்த லாக்கை அமுக்கிப் பாக்குறாரு, திறக்குது, மூடுறாரு, அமுக்குறாரு, திறக்குது. என்னைப் பாக்குறாரு, லாக்கைப் பாக்குறாரு. கேக்கணும்னு இருக்கு, கேக்கவும் பயமா இருக்கு அந்த மனுசனுக்கு.

"இது லேசுல திறந்துருதே மீனா."

"தானாத் திறக்காது மாமா, நான்தான் திறக்கணும்," ஆதினியை நிமித்தித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சு நின்னேன். "மாட்டி விடுங்க."